அளவுகோலே இலக்கானால்...

ஜனவரி பிறந்தால் சென்னையிலும் மும்பையிலும் விடியற்காலைச் சாலைகள் ஓட்டக்காரர்களால் நிறைகின்றன. 42.195 கிலோமீட்டர் தொலைவு கொண்ட மாரத்தானில் முதலிடம் பெறுபவர் ஒருவரே. ஆயினும், ஓடி முடித்தவர்களிடம் கேட்டால், பலரும் தாம் எத்தனையாவது இடம் என்று சொல்வதில்லை; "சென்ற முறையைவிட எட்டு நிமிடம் குறைத்துவிட்டேன்" என்றே மகிழ்கின்றனர். 'பர்சனல் பெஸ்ட்' என்று அவர்கள் குறிப்பிடும் இந்தச் சொந்தச் சாதனை, விளையாட்டுக்கு அப்பாலும் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று.

தரவரிசையில் ஒருவர் ஓரிடம் முன்னேற வேண்டுமானால், மற்றொருவர் ஓரிடம் பின்தங்கியாக வேண்டும். ஒருவரது ஆதாயம் இன்னொருவரது இழப்பு. சொந்தச் சாதனை அத்தகையது அன்று. ஒரே பந்தயத்தில் ஓடும் பத்தாயிரம் பேரும் ஒரே நாளில் தத்தம் முந்தைய நேரத்தை முறியடிக்கலாம். அதனால் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை. யாரையும் தோற்கடிக்காமல் வெல்ல இடம் தரும் போட்டிகள் உலகில் மிகக் குறைவு.

இதற்கு ஃபௌஜா சிங்கைவிடச் சிறந்த சான்று இருக்க முடியாது. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர், தமது 89-ஆவது வயதில், 2000-ஆம் ஆண்டு லண்டனில் முதல் மாரத்தானை ஓடினார். அதற்கு 6 மணி 54 நிமிடங்கள் ஆயின. 2003-இல் டொரன்டோவில் 92 வயதில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 5 மணி 40 நிமிடங்கள். தொண்ணூறைக் கடந்த ஒருவர் தமது நேரத்தை ஒரு மணிக்கும் மேலாகக் குறைத்தார். 2011-இல் நூறு வயதில் அவர் மீண்டும் ஓடி முடித்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் நிறுவனம் அதை ஏற்கவில்லை. உலக சாதனைக்குச் சான்றிதழ் தேவை; சொந்தச் சாதனைக்கு அது தேவையில்லை. கடந்த 2025 ஜூலையில் ஜலந்தர் அருகே வாகனம் மோதி அவர் மறைந்தபோது, உலகம் நினைவுகூர்ந்தது அவரது தரவரிசையை அன்று; அவரது விடாமுயற்சியை.

இத்துணை நல்ல அளவுகோலும் நம் கையில் நஞ்சாக மாறக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2017-இல் வெளியிட்டனர். மூன்று மணி, மூன்றரை மணி, நான்கு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னதாக ஓட்டத்தை முடித்தவர்கள் குவிந்து கிடந்தனர். அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியவர்கள் வெகுவாகக் குறைந்திருந்தனர். 3 மணி 59 நிமிடத்துக்கும் 4 மணி 1 நிமிடத்துக்கும் உடல்திறனில் பெரிய வேறுபாடு இல்லை. எனினும், மனம் ஓர் எண்ணைக் குறியாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழ் லாபம், மேல் நஷ்டம் என்று கணக்கெழுதுகிறது. நஷ்டத்தின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்று கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இலேயே விளக்கினர்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், நாற்பது வயதைக் கடந்தவர், அண்மையில் 4 மணி 1 நிமிடத்தில் மாரத்தானை நிறைவு செய்தார். முந்தைய நேரத்தைவிடப் பன்னிரண்டு நிமிடங்கள் குறைவு. பாராட்டினேன். "நான்கு மணிக்குள் வர முடியவில்லை சார், தோற்றுவிட்டேன்" என்றார். முழங்கால் வலியை மறைக்க வலி நிவாரணி விழுங்கிவிட்டு ஓடியதையும் சொன்னார். உடலில் நீர் வற்றிய நிலையில் அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பது மருத்துவர்கள் பலகாலம் கூறிவரும் எச்சரிக்கை. தம் வாழ்நாளின் சிறந்த ஓட்டத்தை ஓடியவர், அதைத் தோல்வி என்று கருதி வருந்தினார். ஆரோக்கியத்துக்காகத் தொடங்கிய ஓட்டம் ஆரோக்கியத்தையே விலையாகக் கேட்கிறது.

அந்த எண் பிறர் கண்ணில் மதிப்புப் பெறும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. 1897 முதல் நடைபெறும் பாஸ்டன் மாரத்தானில் ஓடப் பெரும்பாலானோர் வேறொரு பந்தயத்தில் குறிப்பிட்ட நேரத்தை எட்டியிருக்க வேண்டும். 2026-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு, 60 வயதுக்குட்பட்டோருக்கான தகுதி நேரம் ஐந்து நிமிடங்கள் குறைக்கப்பட்டது. அப்போதும் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இறுதியில், தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடிகள் விரைவாக ஓடியவர்களுக்கே இடம் கிடைத்தது. விளைவு என்ன? மலையிலிருந்து இறங்கும் சரிவுப் பாதைப் பந்தயங்களைத் தேடிச் சென்று நேரத்தைக் குறைப்போர் பெருகினர். எனவே, 2027 முதல் 1,500 அடிக்கு மேல் இறங்கும் பாதைகளில் பெற்ற நேரத்துடன் ஐந்து அல்லது பத்து நிமிடங்களைக் கூட்ட அமைப்பாளர்கள் முடிவு செய்தனர்.

ஓர் அளவுகோல் இலக்காக மாறிவிட்டால், அது நல்ல அளவுகோலாக நீடிக்காது என்பது பிரிட்டிஷ் பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. பணக் கொள்கை குறித்து 1975-இல் அவர் கூறிய கருத்திலிருந்து பிறந்த விதி, இன்று ஓடுதளத்திலும் மெய்ப்படுகிறது.

உச்சத்தில் இருப்போரும் இதற்கு விலக்கல்லர். 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடிகளில் ஓடினார். முறைவைத்து மாறிய துணை ஓட்டக்காரர்களும், வேகம் காட்டிய வாகனமும் உடன் இருந்ததால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. காலணிகளின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020-இல் உலகத் தடகள அமைப்பு விதி வகுக்க நேர்ந்தது. 2024-இல் சிகாகோவில் 2 மணி 9 நிமிடம் 56 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்த ரூத் செப்ங்கெடிச், 2025 மார்ச்சில் எடுக்கப்பட்ட மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததால் மூன்று ஆண்டுகள் தடை பெற்றார். மாதிரிக்கு முந்தையது என்பதால் அவரது சாதனை ரத்தாகவில்லை. ஆனால், அந்த எண்ணைப் பார்ப்போர் மனத்தில் ஐயம் எழுவதை யாரால் தடுக்க முடியும்?

கல்விக்கும் இதில் பாடம் உண்டு. பொதுத் தேர்வுகளில் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு 2017-இல் கைவிட்டது வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், மதிப்பெண்களைப் பதாகைகளில் அச்சிட்டுப் பள்ளி வாசலில் தொங்கவிடும் வழக்கம் ஓயவில்லை. நாற்பதிலிருந்து அறுபதுக்கு உயர்ந்த மாணவருக்கு அந்தப் பதாகையில் இடமில்லை. உழைப்பின் கணக்கில் பார்த்தால், தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்கு வந்தவரைவிட அவர் கடந்த தொலைவு பெரிது.

இதைக் கூறும்போது ஓர் எல்லையையும் குறிப்பிட வேண்டும். நேற்றையதைவிட மேல் என்பது எல்லாவற்றுக்கும் போதுமான அளவுகோல் ஆகாது. குடிநீரின் தூய்மையோ, மருத்துவமனையின் தரமோ சென்ற ஆண்டைவிடச் சற்றுத் தேறியிருக்கிறது என்று அரசு நிறைவடைய முடியாது. அங்கே பொதுவான தரம் கட்டாயம். மனிதர்களின் வளர்ச்சியை அளப்பதற்கே சொந்தச் சாதனை பொருந்தும்.

அதையும் கண்ணாடியாகப் பயன்படுத்த வேண்டுமே தவிர, நாணயமாக ஆக்கிவிடக் கூடாது. கண்ணாடி நம் நிலையை நமக்கு மட்டும் காட்டும். நாணயம் ஆகிவிட்டால், கள்ள நாணயமும் கூடவே வரும். பன்னிரண்டு நிமிடங்களைக் குறைத்தவர் தோற்றவர் அல்லர் என்று அவரிடம் சொல்லும் பொறுப்பு, உடன் ஓடுவோருக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் உண்டு.