பாயின்ட் நாலு ஒண்ணு

0.41 சதவீதம்.

பாங்க்கில் "டெபாசிட் வட்டி 0.41 கூடியிருக்கு ஸார்" என்று சொன்னால், குடிக்கிற காப்பியைக் கீழே வைக்காமலே "அப்படியா" என்பீர்கள். அகவிலைப்படியை 0.41 ஏற்றினால் சாயங்காலம் கேட் மீட்டிங்கே நடக்கும். அவ்வளவு சோப்ளாங்கி எண் இது. ஆனால் இதே எண்ணை வைத்துக்கொண்டு மேடையேறினவர்கள் கார் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, அரசாங்கம் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தார்கள்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் சாமெட், ஸ்காட் ஸீகர், ஃப்ரான்செஸ்கா டொமினிசி என்ற மூவரும் அவர்கள் கோஷ்டியும் 90 பெரிய நகரங்களை எடுத்துக்கொண்டார்கள். 1987 முதல் 1994 வரை. ஒரு பக்கம் தினசரி சாவுக் கணக்கு, இன்னொரு பக்கம் தினசரி காற்றில் இருந்த தூசுக் கணக்கு. தூசு என்றால் அலமாரி மேல் படிகிற தூசு இல்லை. பத்து மைக்ரானுக்கு உட்பட்ட பொடி. தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. நேரே நெஞ்சுக்குள் போய்விடும். இது ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் கூடினால், மறுநாள் சாவு 0.41 சதவீதம் கூடுகிறது என்று வந்தது கணக்கு.

கண்டுபிடிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, இதை ஒரு விஞ்ஞான மாநாட்டில் போய்ச் சொல்வது. வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் தருவார்கள். இரண்டு வருஷ உழைப்பு, பன்னிரண்டு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் ஃபைல் திறக்காமல் போகும். தலைவர் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் 2 நிமிஷம்" என்று அட்டை காட்டுவார், ஏதோ நாம் அவர் வீட்டு வாடகை பாக்கி வைத்திருப்பதைப் போல. மேடை கிடைக்காத இளைஞர்களுக்கு போஸ்டர். ஆளுயரப் பலகையில் ஆராய்ச்சியை ஒட்டிவிட்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைத் தோழன் நிற்பதுபோலப் பக்கத்தில் நிற்க வேண்டும். நெருங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் டீ எங்கே தருகிறார்கள் என்று விசாரிக்கிறவர்கள்.

அப்புறம் கேள்வி நேரம். முதலில் எழுந்திருக்கிறவர் "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பித்துத் தன் சொந்த ஆராய்ச்சியைச் சொல்லி முடிப்பார். இவர் எல்லா நாட்டிலும் உண்டு. அடுத்தவர்தான் ஆபத்தானவர். "0.41 தானா? இதுக்கா இவ்வளவு?"

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் இந்தத் துறையில் யாரும் மேடையேற முடியாது. கணக்குக்காக, தினம் நூறு பேர் இறக்கிற ஒரு ஊர் என்று வையுங்கள். தூசு 50 மைக்ரோகிராம் கூடிய ஒரு நாளைக்கு அடுத்த நாள் இரண்டு பேர் கூடுதல். சிகரெட் வேண்டாம் என்று விட்டுவிடலாம். காற்று வேண்டாம் என்று யாரும் விட முடியாது. அதனால் சின்ன சதவீதம் ஊர் முழுக்கப் பெருக்கப்படுகிறது. அந்த இரண்டு பேர் யார் என்பதை மட்டும் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. நூற்றிரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பதிவில் மாரடைப்பு, நிமோனியா என்றுதான் இருப்பார்கள். லண்டனில் 2013-ல் ஆஸ்துமாவால் இறந்துபோன ஒன்பது வயதுச் சிறுமியின் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி எழுத 2020 டிசம்பர் ஆயிற்று. அதற்கும் அந்தத் தாயார் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் வெறும் தசமப் புள்ளிதான்.

மூன்றாவது கேள்வி: "செத்தவங்க பீடி சிகரெட் குடிச்சிருந்தா?" நல்ல கேள்வி. பதில் அதைவிட நன்றாக இருக்கும். ஒரே ஊரை நாளுக்கு நாள் ஒப்பிடும்போது, செவ்வாய்க்கிழமை சிகரெட் குடித்த ஊர்தான் புதன்கிழமையும் குடிக்கிறது. அது மாறவில்லை, மாறினது காற்று. ஆனால் கூடவே வெயில் மாறும், ஃப்ளூ வரும், ஞாயிற்றுக்கிழமை வரும். இவற்றையெல்லாம் கணக்கிலிருந்து சலித்தெடுக்க வேண்டும். இந்தச் சல்லடையில்தான் பின்னால் ஓட்டை கண்டுபிடித்தார்கள். வருகிறேன்.

ஊரோடு ஊரை ஒப்பிடுகிற ஆராய்ச்சியும் உண்டு. அதில் சிகரெட்டை ஆள் ஆளாகக் கேட்டாக வேண்டும். ஹார்வர்டுக்காரர்கள் ஆறு ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 வருஷம் வரை பின்தொடர்ந்தார்கள். சிகரெட், படிப்பு, உடம்பு எடை எல்லாம் கழித்த பிறகும், அழுக்குக் காற்று வீசும் ஸ்டூபன்வில் ஊரில் சாவு விகிதம், சுத்தமான போர்ட்டேஜ் ஊரைவிட 26 சதவீதம் அதிகம். 1993 டிசம்பரில் டக்ளஸ் டாக்கரி முதலானோர் இதை வெளியிட்டார்கள். 1997-ல் இன்னும் நுண்ணிய தூசுக்கு, அதாவது பி.எம். 2.5-க்கு, அமெரிக்க அரசு புது வரம்பு போட்டபோது இந்த ஆராய்ச்சி முக்கிய ஆதாரம்.

வரம்பு போட்டால் ஃபாக்டரிக்காரர்களுக்குச் செலவு. சும்மா இருப்பார்களா? "மூலக் கணக்கைக் காட்டு" என்று கிளம்பினார்கள். "எங்களை நம்பி விவரம் தந்தவர்களின் அந்தரங்கம் அது, வெளியே தர முடியாது" என்றது ஹார்வர்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் சிக்கல். கடைசியில் பாஸ்டனில் உள்ள ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டைக் கூப்பிட்டார்கள். 1980-ல் ஆரம்பித்த அமைப்பு. பாதிப் பணம் அரசாங்கத்துடையது, பாதி மோட்டார் கம்பெனிகளுடையது. சம்பந்தி இரண்டு பேரும் சேர்ந்து சம்பளம் கொடுக்கிற சமையல்காரர் மாதிரி. இந்தப் பக்கமும் உப்பைக் குறைக்க முடியாது, அந்தப் பக்கமும் கூட்ட முடியாது. கனடாவின் டேனியல் கிரூஸ்கி தலைமையில் வெளியாட்கள் எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டு, 2000-ல் சொன்னார்கள்: சரியாகத்தான் இருக்கிறது.

இனி சல்லடை. நமது 0.41 கோஷ்டி 2002-ல் தங்கள் கணக்கைத் தாங்களே குடைந்துகொண்டிருந்தபோது ஒன்று தட்டுப்பட்டது. எஸ்-ப்ளஸ் என்று ஒரு சாஃப்ட்வேர். அது விடையை ஒரேயடியாகத் தராது; திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, இந்தத் தடவைக்கும் போன தடவைக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததும் "போதும்" என்று நின்றுவிடும். அந்த "போதும்" கம்பெனியே வைத்து அனுப்பின அளவு. பெரிய பெரிய விடைகளுக்கு அது தாராளம். 0.41 மாதிரிப் பொடி எண்ணுக்கு? ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்தி "இதான் ஸார் உங்க வீடு" என்று மீட்டரை அணைத்த கதை.

வீடு வரை ஓட்டச் சொல்லி மறுபடி போட்டார்கள். 0.27 வந்தது. வேறொரு முறையில் போட்டதில் 0.21. கிட்டத்தட்டப் பாதி போச்சு!

யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வரம்பை எதிர்த்தவர்கள் வழக்கெல்லாம் போட்டுப் பார்த்த நேரம் வேறு. ஆனாலும் தாங்களே போய்ச் சொன்னார்கள். பத்திரிகைகளில் வந்தது. அதே சாஃப்ட்வேரைப் பயன்படுத்தின மற்ற ஆராய்ச்சிக்காரர்களுக்கெல்லாம் வயிற்றில் புளி. 2002 நவம்பரில் அரசாங்கம் கூட்டிய கூட்டத்துக்கு ஆளாளுக்குத் திருத்திய எண்ணோடு வந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்திருந்தது. யாருக்கும் சைபர் ஆகிவிடவில்லை என்பதுதான் முக்கியம். ஆபீஸில் க்வார்ட்டர்லி ரிப்போர்ட்டில் ஒரு கூட்டல் தப்பை மறைக்க நாலு மீட்டிங் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பக்கத்தில் உட்காரக்கூட அவர்களுக்கு யோக்கியதை கிடையாது.

சென்னைக்கும் ஒரு எண் உண்டு. இதே இன்ஸ்டிட்யூட் ஆசிய நகரங்களுக்காக நடத்தின திட்டத்தில், போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 2002 முதல் 2004 வரையிலான சென்னைக் காற்றையும் சாவையும் எடுத்துக்கொண்டது. தூசு அளக்கிற மானிட்டர்கள் கொஞ்சம். அவற்றிலும் பல நாள் அளவே இல்லை. ஒரு மூலையில் இருக்கிற மானிட்டர் சொல்வது அடுத்த மூலைக்குப் பொருந்தாது. ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு எந்த மானிட்டர் பக்கம் என்று பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். 2011-ல் அறிக்கை வந்தது. 10 மைக்ரோகிராமுக்கு சுமார் 0.4 சதவீதம். அண்ணா சாலைக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் நெஞ்சு ஒரே சரக்கில்தான் செய்திருக்கிறது போலும்.

அதே அறிக்கையில் டில்லிக்கு வந்தது 0.15 தான். உடனே முன்வரிசையில் ஒருவர் எழுந்திருப்பார், பாருங்கள்: "அப்ப டில்லிக் காத்து மெட்ராஸைவிட நல்லதா?" இல்லை ஸார். 0.15 என்பது ஒவ்வொரு கூடுதல் பத்துக்கும். டில்லிக்காரர் நெஞ்சில் ஏற்கெனவே எத்தனை பத்து ஏறியிருக்கிறது என்பது தனிக் கணக்கு. புகை மிகுந்த இடத்தில் மேற்கொண்டு சேர்கிற பத்தின் அடி குறைவாகத் தெரியும் என்பது ஒரு விளக்கம். இதை ஸ்லைடு போட்டு விளக்க ஆரம்பிக்கும்போதுதான் தலைவர் அட்டையைக் காட்டுவார்.