ஊடுகதிரும் நம் அச்சமும்

எக்ஸ்-ரே அறைக்குள் நுழைந்தாலே உடலில் நஞ்சு ஏறிவிடும் என அஞ்சுவோர் நம்மிடையே உளர். சிறு தலைவலிக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தே தீர வேண்டுமென மருத்துவரை வற்புறுத்துவோரும் உளர். இக்கதிர் பிறக்கும் விதத்தை அறிந்தால் இருசாராரும் தெளிவு பெறலாம்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ரான்ட்ஜன் இதனைக் கண்டறிந்தார். இன்றைய கருவியோ 1913இல் கூலிட்ஜ் அமைத்த குழாயின் வழிவந்தது. காற்று நீக்கிய அக்குழாயினுள் கம்பியிழை ஒன்று சூடேறி எலெக்ட்ரான்களை வெளியிடுகிறது. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் அவற்றை விரட்டி, டங்ஸ்டன் உலோகத்தில் மோதச் செய்கிறது. மோதும் ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காடு வெப்பமாகிவிடும். எஞ்சிய சிறு பங்கே ஊடுகதிராகும். மின்சாரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். அணைத்த விளக்கின் ஒளி அறையில் தங்காததுபோல, இக்கதிரும் நம் உடலில் தங்குவதில்லை.

ஆயினும், உடலை ஊடுருவுகையில் அது உயிரணுக்களைத் தாக்க வல்லது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கருவியைச் சோதிக்கத் தம் கைகளையே மீண்டும் மீண்டும் கதிருக்குக் காட்டினார். கைகள் புண்ணாகி, அகற்றப்பட்டு, 1904இல் அவர் மாண்டார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். இன்றைய பாதுகாப்பு விதிகள் இத்தகையோர் துன்பத்தில் விளைந்தவை.

அளவே இங்கு முக்கியம். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஆண்டுதோறும் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு நம்மை அடைகிறது. மார்பு எக்ஸ்-ரே ஒன்றின் அளவு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படுவது அரிது. மார்பு சி.டி. ஸ்கேனோ சில மில்லிசீவர்ட் அளவுடையது. அதாவது பல பத்து எக்ஸ்-ரேக்களுக்கு ஈடு. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் ஊடுகதிர் இல்லை.

ஆகவே, கருவுற்றிருக்கும் தாய்மார்கள், ஐயமிருப்பினும், அதனை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தால் ஈயக் கவசம் கேட்டு அணியுங்கள். மற்றவர்கள் வெளியே நிற்கட்டும். கதிர்மூலத்திலிருந்து தொலைவு இரட்டித்தால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். பழைய படங்களைப் பத்திரப்படுத்தி எடுத்துச் சென்றால், மறுபடியும் எடுப்பதைத் தவிர்க்கலாம்.

மருத்துவர் அவசியமெனக் கூறும் படத்தை அச்சத்தால் மறுத்தால், நோய் மறைந்து வளர இடங்கொடுத்தவராவோம். ஐயமிருப்பின், "இப்படத்தால் சிகிச்சையில் என்ன மாற்றம் வரும்?" எனப் பணிவுடன் கேட்போம். அது நம் உரிமை.