மலையேறாத நூலகங்கள்

உதகமண்டலத்தின் நடுவே கூர்வளைவுச் சாளரங்களோடு நிற்கும் நீலகிரி நூலகத்தைப் புதிதாய் வருபவர் ஒரு மாதாகோயில் என்றே எண்ணக்கூடும். 1859இல் வெள்ளையர் தம் வாசிப்புக்கென நிறுவிய நூலகம் அது. சென்னையில் செனட் மண்டபத்தை வரைந்த ராபர்ட் சிஷோல்ம் என்பாரே இதன் கட்டடத்தையும் வரைந்தார். சந்தா செலுத்தும் உறுப்பினர்க்கு உரியதாகத் தோன்றியது. இன்றும் அவ்வாறே இருந்து வருகிறது. அதன்மேல் நமக்குப் பகையொன்றும் இல்லை. தோலட்டை போட்ட பழம் நூல்களை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மலையின் ஈரத்திலிருந்து காத்து வந்தவர்களுக்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டுள்ளோம். நமது வழக்கு அந்நூலகத்தோடு அன்று. நம் பணத்தில் நமக்கென ஏற்பட்ட நூலகங்களோடும், அவற்றைக் கேளாமல் இருக்கும் நம்மோடுமே ஆகும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாகாணமே. அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன் வழிகாட்ட, கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று 1948இல் அதனை நிறைவேற்றினார். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்கும் முறை அன்று தொடங்கியது. பின்னர் அது ரூபாய்க்கு 10 பைசாவாக உயர்ந்தது. வீட்டுக்காரர் கட்டும் அவ்வரி வாடகை வழியே குடியிருப்பவரிடமிருந்தும் வந்து சேருகிறது. ஆகவே நூலகம் அரசு அளிக்கும் தருமம் அன்று. காசு கொடுத்து வாங்கிய உரிமை. இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆனால் இந்த வரி முறைக்குள்ளேயே மலைமக்களுக்கு ஓர் அநீதி ஒளிந்து கிடக்கிறது. மாடி மேல் மாடி எழும் நகரங்களில் சொத்துவரி பெருகும். நூலக வரியும் பெருகும். பாதிக்கு மேல் காடாகவும், மீதியில் பெரும்பகுதி தேயிலையாகவும் கிடக்கும் மாவட்டத்தில் அது எங்ஙனம் பெருகும்? போதாக்குறைக்கு, வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்காமல் நிலுவை வைக்கும் உள்ளாட்சிகள் நாட்டில் பல உண்டு. எங்கே வாசகன் ஏழையோ, அங்கே நூலகமும் ஏழை என்றாகிவிட்டது.

2006 முதல் ஐந்தாண்டுகளில், தமிழகத்தின் ஏறத்தாழ 12,600 ஊராட்சிகளிலும் ஊருக்கொரு நூலகம் என்று அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் அரசு கட்டித் தந்தது. நல்ல எண்ணம்தான், ஐயமில்லை. பல ஊர்களில் அக்கட்டடங்கள் பின்னாளில் பூட்டிக் கிடந்ததை நாடறியும். ஆயினும் பூட்டைவிடப் பெரிய பிழை கணக்கில் இருந்தது. ஊராட்சிக்கு ஒன்று என்பது சமவெளியின் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 பேர் வாழும் நீலகிரியில் ஊராட்சிகள் வெறும் 35. சேரங்கோடு ஊராட்சி ஒன்றினுள்ளேயே சேரம்பாடி, கொளப்பள்ளி, அய்யன்கொல்லி என ஒன்றுக்கொன்று மைல்கணக்கில் விலகிய ஊர்கள் அடங்கும். இவற்றுள் ஓர் ஊரில் கட்டடத்தை வைத்துவிட்டு ஊராட்சிக்கே நூலகம் தந்துவிட்டோம் என்று எழுதிக்கொள்வது ஏட்டுக்குத்தான் பொருந்தும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்து வரவேண்டிய கால்களுக்குப் பொருந்தாது.

நடப்பது என்றோம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மாலை மங்கியபின் நடந்தவர்களைக் கேளுங்கள். தேயிலைச் செடிகளுக்கு இடையே யானை நிற்பது தெரியாமல் உயிர் விட்டவர்களின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கொழுந்து பறித்து, எடை போட்டு, லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் ஒரு பெண் எந்நேரத்தில் நூலகத்துக்குப் போவாள்? அவளுடைய மகளைத்தான் எந்நேரத்தில் அனுப்புவாள்? ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு ஓய்வு. அரசு நூலகங்கள் ஞாயிறன்று திறந்து வெள்ளியன்று மூடுவது இவ்வகையில் நியாயமே. ஆனால் நம்மவர் ஜும்ஆவுக்கென்று சுற்றுப்புறங்களிலிருந்து கடைவீதிக்கு வந்து சேரும் ஒரே நாளில் நூலகக் கதவு சாத்தியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாற்றுங்கள் என்று நாம் கேட்கவில்லை. மலைப்பகுதியில் நேரத்தையும் நாளையும் அவ்வூர் வாசகரைக் கேட்டு வகுக்கலாகாதா என்றே கேட்கிறோம்.

நூலகரைக் குறை சொல்லுவோரும் உண்டு. நாம் சொல்லமாட்டோம். கதவைத் திறப்பவரும், பெருக்குபவரும், பதிவேடு எழுதுபவரும், கிழிந்த நூலை ஒட்டுபவரும் ஒருவரே. முழுமையான ஊதிய விகிதம் இன்றி ஆண்டுகள் பல உழைக்கும் ஊர்ப்புற நூலகர்கள் எத்தனை பேர்! ஒருவர் ஓய்வு பெற்றால் அவ்விடம் நிரம்பாது; அடுத்த ஊர் நூலகரே அதையும் கூடுதலாகப் பார்ப்பார். பார்ப்பதென்றால் என்ன? இங்கே மூன்று நாள், அங்கே மூன்று நாள். இதற்கு மேல் மலையின் ஈரம் வேறு. தேவாலாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெயில் முகமே தெரியாது. அட்டைகள் உப்பும், தாள்கள் பூசணம் பூக்கும். சமவெளியில் பத்தாண்டு வாழும் நூல் இங்கே அத்தனை காலம் வாழாது. ஆயினும் நூல் வாங்க ஒதுக்கும் தொகையில் ஈரத்துக்கென்று யார் பங்கு வைக்கிறார்கள்?

“இப்போது யார் ஐயா படிக்கிறார்கள்? எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே” என்பர் சிலர். பள்ளத்தாக்குகளில் அலைவரிசை எட்டாத லயங்களில் நின்றுகொண்டு இதைச் சொல்லிப் பார்க்கட்டும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் பல இம்மலையில்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. அவற்றின் பேரப்பிள்ளைகள் இன்று போட்டித் தேர்வு எழுதுகின்றனர். அவர்கட்கு வேண்டியது கைப்பேசியில் துண்டு துண்டாய் ஓடும் செய்தி அன்று. அமர ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சென்ற ஆண்டு வெளிவந்த பாடநூல்கள். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இலும் மதுரையில் 2023இலும் பெரு நூலகங்கள் எழுந்தன, மகிழ்கிறோம். சேரம்பாடிச் சிறுமி மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா?

நூல் இருக்கும் இடத்துக்கு வாசகன் வர இயலாவிடில் வாசகன் இருக்கும் இடத்துக்கு நூல் போகவேண்டும். இது புதுமை அன்று. 1931இலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராய் அனுப்பினார். மாடு இழுத்ததை இன்று ஒரு ஜீப் இழுக்காதா? ஞாயிறுதோறும் லயத்து முற்றத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் போதும்.

அரசைக் கேட்டது இவ்வளவு. இனி நம் வீட்டுக்குள் வருவோம்; இங்கேதான் நமக்குக் கோபம் மிகுதி.

மீலாது மேடைதோறும் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவை முழங்குகிறோம். முதல் வஹீயே ஓதும்படி பணித்தது என்கிறோம். 987ஆம் ஆண்டில், தாம் அறிந்த அரபு நூல்களுக்கெல்லாம் அட்டவணை எழுதிய இப்னு அந்நதீம் ஒரு புத்தக வணிகர் என்பதையும் சிலர் பெருமையாய்ச் சொல்வர். சென்னையில் முகம்மதன் பொது நூலகம் 1850இலேயே தோன்றிவிட்டது. உதகை வெள்ளையரின் நூலகத்துக்கு ஒன்பது ஆண்டு மூத்தது. நல்லது. அந்தப் பெருமையில் ஒரு பிடி இந்த மலையின் மஹல்லாக்களில் அலமாரியாய் நிற்கிறதா? பள்ளிவாசலுக்கு மினாரா உயர்த்த வசூல் செய்கிறோம். வக்பு இடத்தில் கடை கட்டி வாடகை பெறுகிறோம். கட்டிய கடைகளில் ஒன்றை வாடகையின்றி நூலகத்துக்கு விடுவோம் என்று எழுந்து சொல்லும் முத்தவல்லியைக் காண ஆவலாய் இருக்கிறோம். ஸதகத்துல் ஜாரியா என்பது கிணற்றோடும் தண்ணீர்ப் பந்தலோடும் முடிந்துவிட்டதா?

மறுப்புகள் வரும். கதைப் புத்தகம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பர். வீட்டில் தொலைக்காட்சி இரவு பதினொரு மணி வரை ஓடுவதைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. பெண்பிள்ளைகள் வந்து போவது சரியல்ல என்பர். திருமண வீட்டுக்கும் துணிக்கடைக்கும் போகலாமாம்! மார்க்க நூல்கள் மட்டும் வைப்போம் என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. வேண்டாம். அப்படி வைத்தால் நாமே வந்து நாமே மூடுவோம். படுகரும், தாயகம் திரும்பியவரும், மலையாளம் பேசும் நம் மாப்பிள்ளைச் சகோதரரும் உள்ளே வரவேண்டும். தமிழோடு மலையாள நூலும் இருக்கவேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம், “இடம் எங்களுடையது, மின்கட்டணம் எங்களுடையது, நூலும் நூலகரும் நீங்கள் தாருங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நூல் தெரிவில் ஜமாஅத் கைவைக்காமல் இருக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் நம்மவர்க்குக் கசக்கும் என்பதை அறிவோம்.

ஆண்டுக் கணக்கு வாசிக்கும் மஹல்லாக் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. கடை வாடகை வரவைப் படிக்கும்போது ஒருவர் எழுந்து இக்கேள்வியை எழுப்பட்டும். அவரை உட்காரச் சொல்பவர் யார் என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.