மூன்றாம் நாள்

மதுவொழிப்புக் கூட்டங்கள் பலவற்றில் நானும் பேசியிருக்கிறேன். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது தமிழாசிரியனுக்கு அரிய காரியமன்று. ‘இன்றே விட்டொழியுங்கள்’ என்று முடித்தால் கரகோஷமும் உண்டு. அவ்வாறு முடித்த பேச்சுக்களை எண்ணி இன்று நான் நாணுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்குக் குடி புதிதன்று. 1957 வரை இங்கே தளம் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படை, தன் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளந்து கொடுத்து வந்தது. அவ்வழக்கத்தை அது கைவிட்டது 1970 ஜூலை 31இலேதான். வெள்ளையன் போனான், தவறணை போகவில்லை. சாராயத்துக்குக் காசில்லாதவனுக்குக் கசிப்பு இருக்கிறது. அதில் மெதனோல் கலந்துவிட்டால் முதலில் பார்வை போகும், பின்னர் உயிர் போகும். இப்பொழுது இளைஞரிடையே ஹெரோயினும் ‘ஐஸ்’ என்பதும் புகுந்துள்ளன. ஐஸ் 5 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரண தண்டனையும் விதிக்கலாமென 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் பெருங்கொலையாளி மதுவே. 2019இல் உலகில் மதுவால் மாண்டோர் 26 இலட்சம், போதைப்பொருள்களால் மாண்டோர் 6 இலட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மது புற்றுநோயை விளைவிப்பது என்பதும் 1988இலேயே அறுதியிடப்பட்ட உண்மை.

இவற்றையெல்லாம் மேடையில் சொல்லுகிறோம். சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு.

என் அயலவர் ஒருவர் கடற்றொழிலாளி. இருபது ஆண்டுகளாக நாள் தவறாது குடித்தவர். ஒரு பங்குனி உத்திரத்தன்று கோணேசர் சந்நிதியில் குடியை விட்டதாகச் சத்தியம் செய்தார். தோளைத் தட்டிப் பாராட்டியவருள் நானும் ஒருவன். மறுநாள் அவர் கைகள் நடுங்கின, உடல் வியர்த்தது. ‘விஷம் இறங்குகிறது’ என்றோம். அன்று மாலை வலிப்புக் கண்டது. பேய் என்றார்கள், விபூதி போட்டார்கள். மூன்றாம் நாள் இரவு, பாயில் மீன்கள் ஊர்வதாகக் கூவினார். இறந்த தந்தையோடு பேசினார். உடல் அனலாய்க் கொதித்தது. வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றோம். “இவர் குடிப்பவரா?” என்று வைத்தியர் கேட்டார். “இல்லை, ஐயா” என்றார் மனைவி. வீட்டில் மணமாகாத பெண்கள் இருவர். அருகில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே தாதி ஒருவரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன்.

பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவனுடைய மூளை மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கியே பழகிவிடுகிறது. அமுக்கம் திடீரென நீங்கினால் அம்முடுக்கம் கட்டற்றுப் போகிறது. முதலிரு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் சித்தப்பிரமையும் காய்ச்சலும் வரலாம். இது உயிரையும் கொள்ளும். தக்க மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். என் அயலவரும் பிழைத்தார்.

இவ்வாறு எழுதுவது குடிப்பவனுக்குச் சாக்குக் கொடுப்பதாகும் எனச் சில அன்பர்கள் சினக்கக்கூடும். விடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தியரிடம் போய் விடுக என்கிறேன். சத்தியம் வாங்குகிற நாம், மூன்றாம் நாள் இரவில் அவன் வீட்டில் யார் விழித்திருப்பார் என்று கேட்டதுண்டா? வகுப்பில் தூங்கி விழும் மாணவனைக் கண்டிக்கும் ஆசிரியர், முன்னிரவு அவன் தந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தானா என்று அறிவாரா? ‘குடிகாரன்’ என்னும் சொல்லை வசையாக மட்டுமே வழங்கி வந்தோம். அந்த வசைக்கு அஞ்சியே அம்மனைவி பொய் சொன்னார். படித்த நானும் பேசாதிருந்தேன்.

அவர் இப்பொழுது மாதந்தோறும் சிகிச்சைக்குப் போகிறார். இடையில் இருமுறை வழுவினார், மீண்டும் போனார். அவருடைய தாயாரின் நீரிழிவுச் சிகிச்சைக் கொப்பி முன்விறாந்தைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவருடைய கொப்பியை மனைவி இன்னும் அரிசிப் பானைக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார்.