பழகிய கைக்கும் பாடம் வேண்டும்

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம் சங்க நூலகத்தில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு யோசனை கேட்டார். அவருடைய தந்தையார் தஞ்சைப் பகுதியில் நாற்பது ஆண்டுகள் வேளாண்மை செய்தவர். மூளையின் வலப்புறத்தில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் இடக்கையும் இடக்காலும் தளர்ந்துபோக, மகனை நாடி நாகபுரிக்கு வந்து சேர்ந்தார். இங்குள்ள மறுவாழ்வு இல்லம் ஒன்றில், தோட்டச் சிகிச்சை என்ற பெயரில் வாரத்திற்கு மூன்று நாட்கள், ஒவ்வொரு மணி நேரம் அவருக்காக ஒதுக்கியிருந்தார்கள்.

"பதினெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர் பயிற்சி தருகிறார் என்றார்கள். அப்பாவோ துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறார். இதற்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா? நிறுத்திவிடலாமா?" என்றார் அன்பர்.

மறுவாரம் நானும் உடன்சென்று பார்த்தேன். பயிற்சியாளர் மராட்டியர், இனிய சுபாவம் உடையவர், செடிகளின் குணத்தை நன்கு அறிந்தவர். ஆயினும் மனம் கலங்கிய இளைஞனுக்கும், மறதி நோயுற்ற மூதாட்டிக்கும், கை தளர்ந்த நம் பெரியவருக்கும் அவர் கொடுத்த வேலை ஒன்றே: தண்ணீர் ஊற்றுவது, அல்லது களை பறிப்பது. பெரியவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அவரிடம் ஒரு வார்த்தை பேசுவார் அங்கு எவரும் இல்லை.

தோட்ட வேலை மனநோய்க்கு நல்லது என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1812-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே, மருத்துவமனையில் விறகு பிளந்தும் தோட்டம் கொத்தியும் வந்த நோயாளிகள் பலர் குணமடைந்ததையும், செல்வநிலை காரணமாக வேலை செய்யாதிருந்தவர்கள் வாடிக் கிடந்ததையும் குறித்திருக்கிறார். இந்த நல்ல எண்ணத்தின் நிழலிலேயே ஒரு கேடும் வளர்ந்தது. பின்னாளில் மனநோய் விடுதிகள் பலவற்றில் நோயாளிகளைக் கூலியின்றிப் பண்ணை வேலை வாங்கி, அதற்குச் சிகிச்சை என்று பெயரிட்டார்கள். 1973-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அத்தகைய உழைப்புக்கும் ஊதியச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநல நிலையங்களில் எவரையும் வேலை செய்யும்படி வற்புறுத்தலாகாது, வேலை செய்தால் தக்க ஊதியம் தரவேண்டும் என்கிறது. ஆகவே, நோயாளி செய்யும் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி. விடுதியின் புல்வெளி அழகாயிற்று, நோயாளி நேற்றிருந்தபடியே இருக்கிறார் என்றால் அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தொழிலைக் கற்பிக்கும் ஏற்பாடுகள் மேல்நாடுகளில் உண்டு. அமெரிக்கத் தோட்டச் சிகிச்சைச் சங்கம், பட்டமும், தாவரவியல், மனித இயல் முதலிய பாடங்களும், மேற்பார்வையின்கீழ் 480 மணி நேரப் பயிற்சியும் முடித்தவர்களையே பதிவு செய்கிறது. அதுவும் சங்கம் தானாக நடத்தும் பதிவேயன்றி அரசாங்கக் கட்டாயம் அன்று. இவையெல்லாம் தொழிலுக்குள் நுழைவதற்கான வாயில். உள்ளே சென்று பதினெட்டு ஆண்டுகள் ஆனவர் என்ன கற்பது? இதைத்தான் அன்பரும் நானும் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

விடை எதிர்பாராமல் கிடைத்தது. ஆனி மாதத்தில் அந்தப் பயிற்சியாளரை, நெடுநாள் அனுபவம் உள்ளவர்களுக்கென்றே நடந்த பத்து நாள் வகுப்பு ஒன்றுக்கு இல்லத்தார் அனுப்பினார்கள். "எனக்கு இனி என்ன பாடம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாராம். திரும்பி வந்தவர் தம் குறிப்பேட்டை எங்களிடம் மறைக்காமல் காட்டினார்.

செடி வளர்ப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரே வேலையைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்ப்பதே முதற் பாடம். விதை ஊன்றுவது நமக்கு ஒரு செயல். பிரித்துப் பார்த்தாலோ, மண்ணை அள்ளுதல், ஈரம் பார்த்தல், விரலால் குழி செய்தல், விதையை இரு விரல் நுனியால் எடுத்தல், எண்ணிக்கை மறவாதிருத்தல் எனப் பல செயல்கள். ஒவ்வொன்றும் உடலின் ஒரு பகுதியையோ மனத்தின் ஒரு பகுதியையோ வேலை வாங்குகிறது. விரல் பிடிப்பு இழந்தவருக்கு அவரை விதையில் தொடங்கி, வெண்டைக்கு வந்து, கத்தரிக்கு இறங்கி, கீரை விதையில் முடிக்கலாம். மறதியுற்றவருக்கு அளவு பொருட்டன்று; மூன்று படிகளை வரிசை தவறாமல் செய்வதே பொருட்டு.

பெரியவர் விஷயத்தில் தாம் செய்த பிழை அப்போதுதான் விளங்கிற்று என்றார். மூளையின் வலப்புறம் பாதிக்கப்பட்டவர்களுள் சிலர், கண் நன்றாயிருந்தும் இடப்பக்கத்து உலகையே கவனிக்க மாட்டார்கள். தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும். அன்பர் வீட்டிலும் அப்படியே நடந்ததாம். சோறு பிடிக்கவில்லை போலும் என்று மருமகள் வருந்தினாராம். பயிற்சியாளரோ இரக்கப்பட்டுப் பூவாளி, தொட்டி எல்லாவற்றையும் வலப்பக்கமே வைத்து வந்தார். அந்த இரக்கம் இடப்பக்கத்தை இன்னும் மறக்கச் செய்தது. இப்போது விதைக் கிண்ணத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக இடப்புறம் நகர்த்தி, தட்டின் இட ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவும் ஒட்டியிருக்கிறார். நாடா கண்ணுக்குத் தெரியும் வரை பெரியவர் தலையைத் திருப்பவேண்டும்.

குறிப்பேட்டில் மருந்துகளைப் பற்றியும் இரண்டு பக்கங்கள் இருந்தன. நாகபுரியில் வைகாசி வெயில் 45 டிகிரியைத் தொடுவதை நாம் அறிவோம். லித்தியம் உட்கொள்பவர் அந்த வெயிலில் வியர்த்து நீர் வற்றினால், மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகக்கூடும். கைநடுக்கம் கூடுவதும், வாந்தியும், தள்ளாட்டமும் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். குளோர்ப்புரோமசின் உண்பவரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் குந்தியிருந்து களை பறித்துவிட்டுச் சட்டென எழுந்தால் தலைசுற்றி விழலாம். பதினெட்டு ஆண்டுகளில் இப்படி விழுந்தவர்களைத் தாம் கண்டதுண்டு என்றும், வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டதாகவும் அவர் சொன்னபோது, அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மழைக்காலத்து ஈரமண்ணிலிருந்து நீரிழிவுக்காரர்களை மிகுதியும் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயும் தென்னிந்தியாவில் பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே கால் புண் உள்ளவரை வெறுங்காலுடன் பாத்தியில் இறக்கக்கூடாது. நம் வீட்டு மாடித் தொட்டிகளுக்கும் இது பொருந்தும்.

சான்றுகளை அளவறிந்து பேசுவதும் ஒரு பாடமாம். 1984-இல் ரோஜர் உல்ரிக் என்பவர் வெளியிட்ட ஆய்வைப் பலர் எடுத்துக்காட்டுவர். பித்தப்பை அறுவைக்குப் பின், சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிட ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினர் என்பது அது. அவர்கள் மரத்தைப் பார்த்தார்களேயன்றி மண்ணைத் தொடவில்லை. இதைக் காட்டி, தோட்டம் போட்டால் பக்கவாதம் தீரும் என்று விளம்பரம் செய்பவரிடம் அன்பர்கள் எச்சரிக்கையாயிருப்பது நலம். ஓரிடத்தில் பெற்றோரைச் சேர்க்குமுன், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பதோடு நில்லாமல், கடைசியாக எப்போது, எதைக் கற்றீர்கள் என்றும், எங்கள் அப்பாவைப் பற்றி என்ன குறித்து வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

நம் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு மட்டும் உரிய செய்தி ஒன்று உண்டு. நோயாளியின் வாழ்க்கையை அறிந்து வேலை கொடு என்று வகுப்பில் சொன்னார்களாம். பெரியவரின் வாழ்க்கையை அவரிடம் கேட்கப் பயிற்சியாளருக்கு மொழி இல்லை. ஆகவே அன்பரை அழைத்து உட்காரவைத்து, நாற்று, களை, வரப்பு, எரு, வாழை என்று இருபது தமிழ்ச் சொற்களைத் தேவநாகரியில் எழுதிக்கொண்டார்.

சென்ற வாரம் நான் போயிருந்தபோது, வேலியோரத்துக் கன்றைக் காட்டி, "காகா, வாளை" என்றார் அவர். பெரியவர் தலையை இடப்பக்கம் மெல்லத் திருப்பிக் கன்றைப் பார்த்தார்.

"வாளை இல்லை, தம்பி. வாழை. நாக்கை மடித்துச் சொல்லுங்கள்" என்றார்.

பயிற்சியாளர் நான்கு முறை முயன்றார். வரவில்லை. பெரியவர் ஐந்தாம் முறையும் சொல்லச் சொன்னார்.