தொடையைத் தேய், காரணத்தைக் கேட்காதே!

இரவு ஷிப்டு முடிந்து, கிண்டி தொழிற்பேட்டையிலிருந்து ஆதம்பாக்கத்து வீட்டுக்குத் திரும்புகிறார் தொழிலாளி. கண் அயரும் நேரத்தில் தொடைச் சதை கல்லாக இறுகுகிறது. துடித்து எழுகிறார். வீட்டார் தைலம் தேய்க்கிறார்கள். பிடிப்பு விடுகிறது, மறுநாள் மறுபடி வருகிறது.

"உனக்கு உடம்பில் சத்தில்லை, எண்ணெய் தேய்த்துக் குளி" என்று மேஸ்திரி உபதேசம் செய்கிறார். நாம் கேட்கிறோம்: அந்தச் சத்தை உறிஞ்சியது யார்?

இந்த நோய் புதிதல்ல. 1920-களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் மாஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்தார். வெப்பத்தில் வேர்வை கொட்ட உழைத்து, வெறும் தண்ணீரை மட்டும் குடித்தவர்களைப் பிடிப்பு வாட்டியது; உப்புக் கலந்த நீர் அவர்களைக் காத்தது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டிய தொழிலாளரும் பாலைவன வெயிலில் இதே வேதனையை அனுபவித்தார்கள். உப்பிட்ட நீராகாரத்தைக் கலயத்தில் கொண்டுபோன நம் விவசாயக் கூலிக்கு இந்த விஷயம் அனுபவத்தில் தெரியும். உப்புக் குறைவு மட்டுமல்ல; ஓய்வின்றி நின்று களைத்த தசையும் தானே சுருண்டு பிடித்துக்கொள்ளும்.

பிடித்த உடனே செய்யவேண்டியது என்ன? பின்தொடையானால் உட்கார்ந்து முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து, இடுப்பிலிருந்து மெல்லக் குனியுங்கள். முன்தொடையானால் சுவரைப் பிடித்து நின்று, குதிகாலைப் பின்பக்கம் புட்டத்தை நோக்கி மடக்குங்கள். இறுக்கம் தளர்ந்தபின் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கீழிருந்து மேலாக இதமாகப் பிடித்துவிடுங்கள். முறையான பிடித்துவிடுதலுக்குச் சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று பெயர். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம்.

ஆனால் ஜாக்கிரதை! ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, வலித்தால் தேய்க்கவே கூடாது. அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நடந்தால் பிடித்து, நின்றால் விடும் வலி, பீடி அடைத்த இரத்தக்குழாயின் அறிகுறியாகலாம். கடும் உழைப்புக்குப்பின் சிறுநீர் கறுத்துப் போனாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"முதுமையிலும் கர்ப்பத்திலும்கூட வருகிறதே, ஆலையை ஏன் பழிக்கிறீர்கள்?" என்று முதலாளிகளின் வக்கீல்கள் கேட்பார்கள். வாஸ்தவம்தான், வருகிறது. காரணம் புலப்படாத பிடிப்பும் உண்டு. ஆனால் கோடை வந்தால் ஒரே பட்டறையில் வரிசையாக ஆட்களைப் பிடிக்கும் நோய்க்குத் தொழிலாளியின் தொடையா காரணம்? பட்டறையின் அனலும், வேலை நேரமும், ஆசனமில்லாத தரையுமே காரணம்!

நின்று வேலை செய்பவர் இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவில் எழுதினார்கள். கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை கிடைக்கத் தமிழ்நாட்டில் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! அதற்கு இரண்டே ஆண்டில், 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிலாளர் எதிர்ப்பு பொங்கியது. மே தினத்தன்று, மசோதா வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எந்தத் தைலம் ஈடுகட்டியிருக்கும்?

தோழர்களே! தைலம் தேயுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தோடு நிற்காதீர்கள். யாருக்கு, எந்த ஷிப்டில், எந்த இயந்திரத்தருகே பிடிக்கிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் கணக்கோடு சங்கத்துக்கு வாருங்கள். உட்கார ஆசனம், வெப்பத்துக்குக் காற்றோட்டம், கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர், உப்பிட்ட மோர், இடையில் ஓய்வு என்று கேளுங்கள். இவை பிச்சையல்ல, உரிமை!

தொடையைப் பிடித்துவிட வீட்டில் ஆள் உண்டு. காரணத்தைப் பிடிக்க நாம் ஒன்றுசேர வேண்டும்.