சைலென்சர், மேகசின், அரசு அலுவலகம்: வர்ஜீனியாவில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்ற செய்தி வந்தால் இப்போதெல்லாம் நம் வீடுகளில் யாரும் பெரிதாக அதிர்வதில்லை. மகனோ மருமகனோ அங்கே வேலையில் இருந்தால் மட்டும் "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு போனை எடுக்கிறோம். இத்தனை பேர் செத்தும் அந்த நாட்டில் ஏன் ஒரு சட்டம் போட முடியவில்லை என்ற கேள்வி பலருக்கும் உண்டு. சட்டம் போட முடிகிறது. எதற்கு, எவ்வளவு தூரம் என்பதில்தான் சிக்கல்.

2019 மே 31, வெள்ளிக்கிழமை மாலை. வர்ஜீனியா பீச் நகராட்சி வளாகத்தின் 2ஆம் எண் கட்டடம். அன்று காலை மின்னஞ்சலில் ராஜினாமா கடிதம் அனுப்பியிருந்த நகராட்சிப் பொறியாளர் ஒருவர், இரண்டு கைத்துப்பாக்கிகளுடன் உள்ளே வந்து 12 பேரைச் சுட்டுக் கொன்றார். அவர்களில் 11 பேர் நகராட்சி ஊழியர்கள். ஒருவர் அனுமதி வாங்க வந்த ஒப்பந்தக்காரர். கொலையாளியும் போலீசாருடன் நடந்த மோதலில் கொல்லப்பட்டார்.

அவரது துப்பாக்கிகளில் ஒன்றில் சைலென்சர் பொருத்தப்பட்டிருந்தது. வழக்கத்தைவிட அதிகத் தோட்டா கொள்ளும் நீள மேகசின்களும் அவரிடம் இருந்தன. சைலென்சர் உட்பட அனைத்தும் சட்டப்படி வாங்கியவை! சினிமாவில் காட்டுவது போல சைலென்சர் சத்தத்தை முற்றிலும் விழுங்கிவிடாது. குறைக்கும், சத்தத்தின் தன்மையை மாற்றும். உள்ளே இருந்த சிலருக்கு அது ஆணி அடிக்கும் இயந்திரத்தின் ஓசை போலக் கேட்டிருக்கிறது. ஓடுவதா, உட்கார்ந்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய நொடிகளில் இது சிறிய விஷயம் அல்ல. வேட்டைக்காரர்களின் காதைப் பாதுகாக்கும் கருவி என்று விற்பனையாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் நகராட்சி அலுவலகத்தில் யாரும் வேட்டைக்குப் போவதில்லையே.

அப்போதைய வர்ஜீனியா சட்டத்தில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஊழியர்கள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று நகராட்சி விதி வைக்கலாம். ஆனால் பொதுமக்கள் துப்பாக்கியுடன் நகராட்சி அலுவலகத்துக்குள் வருவதைத் தடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தை மாநிலம் தன்னிடமே வைத்திருந்தது.

ஆளுநர் ரால்ஃப் நார்தம் (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் ஊர் முதலமைச்சரைப் போல) ஜூலை 9ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சியினர் சுமார் 90 நிமிடங்களில் சபையை ஒத்திவைத்துவிட்டுக் கிளம்பினர். நவம்பர் தேர்தல் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தத் தேர்தலில் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போயின.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் துப்பாக்கி உரிமைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டன. 2020 ஜனவரி 20 அன்று தலைநகர் ரிச்மண்டில் சுமார் 22,000 பேர் திரண்டார்கள். பலர் தோளில் துப்பாக்கியுடன் வந்திருந்தார்கள். வியப்பு என்னவென்றால், 12 பேரைப் பறிகொடுத்த வர்ஜீனியா பீச் நகர மன்றமே அதே மாதம் துப்பாக்கி உரிமையைப் பேணும் நகரம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது.

இந்த அழுத்தத்துக்கு நடுவே எது பிழைத்தது, எது செத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நகராட்சிக் கட்டடங்கள், பூங்காக்கள், நூலகங்களில் துப்பாக்கியைத் தடை செய்யும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு, தலைமைச் சட்டமன்ற வளாகத்திலும் மாநில அரசின் கட்டடங்களிலும் தடை வந்தது. ஆனால் 12 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின், சைலென்சர், ராணுவப் பாணித் துப்பாக்கிகளுக்கு எதிரான மசோதா கீழவையில் 51-48 என்று தப்பித் தேறி, மேலவைக் குழுவில் 10-5 என்று வீழ்ந்தது. வீழ்த்தியவர்களில் நால்வர் ஜனநாயகக் கட்சியினர்!

"இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவராதே" என்று சொன்னால் யாருடைய சொத்தும் பறிபோவதில்லை. "இந்தப் பொருளை வைத்திருக்காதே" என்றால் லட்சக்கணக்கான வீட்டு அலமாரிகளைத் தொட வேண்டும். முதலாவது வென்று இரண்டாவது தோற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடையாள அட்டையுடன் உள்ளே வரும் ஊழியரை வாசலில் ஒட்டிய அறிவிப்பு தடுக்குமா? ஊழியர்களுக்கான விதி அன்றும் இருந்தது. அவர் கையிலிருந்த கருவிகளைப் பற்றிய மசோதாதான் குழுவோடு முடிந்துபோனது.

துணைக்கருவிதானே என்று ஒதுக்க முடியாது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வந்த நம் சகோதரர்கள் உட்பட 51 பேரைக் கொன்றவன் பயன்படுத்தியது சாதாரண உரிமத்தில் வாங்கிய துப்பாக்கிகளையும், அவற்றில் பொருத்திய பெரிய மேகசின்களையும்தான். அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள், 119-1 என்ற வாக்கில், அத்தகைய துப்பாக்கிகளையும் மேகசின்களையும் சேர்த்தே தடை செய்தது. கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தவில்லை.

அமெரிக்காவில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2017இல் லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சிப் படுகொலையில் பயன்பட்ட பம்ப் ஸ்டாக் என்ற கருவிக்கு டிரம்ப் அரசே தடை கொண்டுவந்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற தீர்ப்பில் அதை நீக்கியது. அந்தக் கருவி பொருத்திய துப்பாக்கி, 1934ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்பது வாதம். மாநிலங்கள் தாமாகப் போட்ட தடைகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஆகவே மாநிலச் சட்டமன்றங்கள் முன்னைவிட முக்கியமாகிவிட்டன. வர்ஜீனியாவிலோ, அடுத்து வந்த ஆளுநர் கிளென் யங்கின் 2024 மார்ச்சில் ஒரே நாளில் 30 துப்பாக்கி மசோதாக்களை நிராகரித்தார்.

சைலென்சர் வாங்க 1934 முதல் இருந்துவந்த 200 டாலர் கூட்டாட்சி வரியோ 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். விண்ணப்பமும் பதிவும் மட்டும் மிச்சமிருக்கின்றன.